மெத்தை இந்தப் பக்கம், தலையணை அந்தப் பக்கம்

"இன்னும் ஒரு மூட்டை வச்சீங்கன்னா, மெத்தை வாங்க வர்றவங்க ஏணியோடதான் வரணும்" என்றாள் மனைவி.

மெத்தைக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடை வாசலில் மண் மூட்டைகளை மார்பு உயரத்துக்கு அடுக்கிவிட்டு வானத்தைப் பார்த்தார். கறுத்துக் கிடந்தது. போன மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்து, மெத்தைகள் ஊறி, ஒவ்வொன்றும் நிறைமாதக்காரி மாதிரி உப்பிக் கிடந்த காட்சி அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. இன்னொரு தடவை அப்படி ஆனால் கடைக்குப் பூட்டுதான்.

அந்தத் தண்ணீரில் போனது மெத்தை மட்டுமா? பின்கதவைத் திறந்துபோட்டது நீயா நானா என்று அண்ணனும் தம்பியும் போட்ட சண்டையில் தெருவுக்கே பொழுது போனது. முடிவில், ஒரே கடைக்கு நடுவே பலகைத் தடுப்பு எழுந்தது. மெத்தையும் பின்கதவும் தம்பிக்கு. தலையணையும் மாடி அறையும் அண்ணனுக்கு. இப்படியொரு பாகப்பிரிவினையை யாராவது கேள்விப்பட்டதுண்டா? மெத்தை வாங்கியவர் தலையணை கேட்டால், "அது எங்க கிடைக்குமோ, எனக்குத் தெரியாதுங்க" என்பார் தம்பி. தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமுவது நன்றாகவே கேட்கும்.

முதல் தூறல் விழுந்ததும் ஷட்டரை இறக்கினார். உள்பக்கம் அடியில் ஒரு நூல் இடைவெளி தெரிந்தது. சீக்கிரம் காய்கிற சிமெண்டைக் குழைத்து, கேக்குக்குக் க்ரீம் தடவுகிற மாதிரி நீளத்துக்கும் பூசினார்.

"இப்ப வரட்டும் பார்க்கலாம்!"

வந்தது தண்ணீர் இல்லை. யாரோ ஷட்டரைத் தடதடவென்று தட்டினார்கள்.

"யாருன்னு கேளுங்க."

"எங்கண்ணனைத் தவிர வேற யாரு? என் மூட்டையைப் பார்த்துக் கிண்டல் பண்ண வந்திருப்பாரு. கை வலிச்சா தானா போயிடுவாரு."

தட்டல் ஓய்ந்தது. மழை இரைச்சலில் தடுப்புக்கு அந்தப் பக்கச் சத்தம்கூடக் கேட்கவில்லை. மனைவிக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஷட்டரில் இருந்த ஓட்டையில் கண்ணை வைத்தாள். பக்கத்து மாடிப்படி மட்டும் தெரிந்தது.

"உங்கண்ணன் தலையணையெல்லாம் மாடிக்குத் தூக்கிட்டு ஓடறாருங்க. நனைஞ்சு தொப்பலா இருக்காரு, பாவம்."

"ஓடட்டும். முன்யோசனை வேணும். மழை வந்தப்புறமா ஏத்துவாங்க?"

அவர் வாயை மூடுவதற்குள் கடைக்கோடியில் 'களக் களக்' என்றது. தரை கழுவிய தண்ணீர் போகிற துவாரம். போக வேண்டியது திரும்பி வந்துகொண்டிருந்தது. கைக்குக் கிடைத்த நுரைப்பஞ்சுத் துண்டுகளை எல்லாம் அதில் திணித்து, மேலே ஏறி நின்று மிதித்தார். அடைபட்டது.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. பின்கதவுக்கு அடியில் முற்றத்துத் தண்ணீர் ஓடி வந்தது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர், சண்டைக்கே காரணமான கதவை மறந்துவிட்டார்.

"அந்த அடைப்பை எடுங்க, வடிஞ்சிடும்!"

இழுத்தார். பஞ்சு தண்ணீரைக் குடித்துப் பருத்து, வேர்விட்டாற்போல் உட்கார்ந்திருந்தது.

"ஷட்டரையாவது தூக்குங்க!"

இருவரும் சேர்ந்து தம் கட்டினார்கள். அசையவில்லை.

"நல்ல சிமெண்ட்" என்றார் மெத்தைக்காரர் வருத்தத்தோடு.

கடை தொட்டியாகிவிட்டது. அடியில் கிடந்த மெத்தையின் விளிம்பைத் தண்ணீர் தொட இன்னும் விரல்கடை அளவுதான் பாக்கி. அவர் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு பலகைத் தடுப்பின் அடியில் குந்தினார். அண்ணன் பக்கத்துத் தரை தாழ்வு.

"ஐயையோ, அது உங்கண்ணன் கடைங்க!"

"அதான் சரக்கெல்லாம் மாடிக்குப் போயிடுச்சே. காலிக் கடையில தண்ணி போனா யாருக்கு என்ன நஷ்டம்? தரையைக் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்."

பலகை பெயர்ந்தது. தண்ணீர் அடித்துப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடியது. ஒரு மெத்தையும் நனையவில்லை. ஜெயித்துவிட்டார்! ஆனால் நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அலறல் கேட்டது.

"டேய் தம்பி! டேய்! நிறுத்துடா!"

அந்தத் 'தம்பி'யைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! மெத்தைக்காரருக்கு என்னவோ போலாகிவிட்டது. சட்டையைக் கழற்றி ஓட்டையில் அடைத்தார். தண்ணீர் சட்டையையும் இழுத்துக்கொண்டு போனது.

"என்னத்தைப் பார்த்துட்டு நிக்கறீங்க? போங்க. கால்ல விழுந்தாலும் தப்பில்லை."

பனியனோடு பின்கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினார். அண்ணன் இருட்டிய கடை வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் நின்று சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அண்ணே... ஓட்டை போட்டது நான்தான். போன தடவை பின்கதவைச் சாத்தாம போனதும் நான்தான். உங்க கடை காலியா இருக்குன்னு நினைச்சு... தப்புதான்ணே. தடுப்பை எடுத்துடலாம். பழையபடி ஒண்ணா இருப்போம்ணே."

அண்ணன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். திட்டவில்லை. கடைக்குள்ளே கையைக் காட்டினார்.

டிரைவர்தான் பேசினார்.

"ஓ, அந்தத் தம்பி நீங்கதானா? லோடு கொண்டாந்து எவ்வளவு நேரம் ஷட்டரைத் தட்டினேன் சார்! 'தம்பி சரக்கு மழையில நனையக் கூடாது'ன்னு இவருதான் தன்னோட தலையணையெல்லாம் மாடிக்கு ஏத்திட்டு, உங்க புது மெத்தை அத்தனையையும் உள்ள தரையில இறக்கச் சொன்னாரு."