மைதானம் கவிழாமல் காத்த பார நானா

கூடைப்பந்தாட்டத்தின் வரலாற்றில், மைதானம் ஒரு பக்கமாகச் சரிந்து கவிழ்ந்துவிடும் என்று பயந்த பயிற்றுநர் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரைத் தேடிப் பிடித்துத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தவன் நான். எதைப் பார்த்து அவரைத் தெரிவு செய்தாய் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குக் காது சிவக்கிறது. அவரிடம் ஒரு விசில் இருந்தது. எங்களிடம் இருக்கவில்லை.

எங்கள் கல்லூரியின் பழைய பயிற்றுநர் பல் காட்டக் கொழும்புக்குப் போய்வருவதாகச் சொல்லி லீவு எடுத்தவர். அவரைப் பற்றிய அடுத்த செய்தி நோர்வேயிலிருந்து வந்தது. யுத்த காலத்தில் பல்வலி பலரை அவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறது. கல்லூரியின் ஒரே விசிலும் அவருடைய கழுத்தில் தொங்கியபடியே ஐரோப்பா போய்ச் சேர்ந்தது.

நான் அப்போது உயர்தர வகுப்பில் இருந்தேன். அணியின் செயலாளர். ஆடத் தெரியாத ஒருவனை அணிக்குள் வைத்திருப்பதற்காகவே உண்டாக்கப்பட்ட பதவி அது. நூலகத்தில் கூடைப்பந்து பற்றி இருந்த ஒரே புத்தகத்தை வாசித்தவன் என்ற முறையில், விளையாடுகிறவர்களுக்கு இல்லாத கர்வம் எனக்கு இருந்தது.

கல்லூரி அதிபருக்கு எங்கள் மைதானத்தின் மேல் கண். நிவாரண அரிசி மூட்டைகளை அடுக்க நல்ல தரை வேண்டும் என்று கூட்டுறவுச் சங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. துறைமுகப் பக்கத்தில் வெடிப்பு விழாத சீமெந்துத் தரை எங்களுடையது மட்டும்தான்.

“தோக்கிற விளையாட்டுக்கு என்னத்துக்குச் சீமெந்து?” என்றார் அதிபர். “மாசக் கடைசியில கிண்ணியாப் பொடியன்கள் விளையாட வருகினம். அதுக்குள்ள ஒரு பயிற்றுநரைப் பிடியுங்கோ. இந்த முறையும் தோத்தால், கம்பத்தைப் பிடுங்கிப்போட்டு அரிசியை அடுக்குவன்.”

பயிற்றுநரைத் தேடி அலைந்த நாட்களில்தான் கிண்ணியாவுக்குத் தயிர் வாங்கப் போனேன். அப்போது பாலம் கிடையாது. லொறியையும் ஆட்களையும் மாடுகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் ஒரு தட்டையான மிதவைதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் ‘பாதை’. அந்தப் பாதையின் நடுவில், வாயில் விசிலும் தலையில் தொப்பியுமாக நின்றார் பார நானா; கிண்ணியாவில் அண்ணனை ‘நானா’ என்பார்கள். ஏறுகிறவர்களைப் பாரம் பார்த்து இரண்டு பக்கமும் பிரித்து நிறுத்துவது அவருடைய வேலை. “மூட்டைக்காரர் இங்கால! மெலிஞ்சவர் அங்கால!” என்று அவர் ஒரு தரம் ஊதினால் ஒரு லொறி, ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம், ஒரு எருமை எல்லாம் ஒரே நேரத்தில் நகர்ந்தன. நான் மெய்சிலிர்த்துப் போனேன்.

நானும் அணித் தலைவன் சிவாவும் அடுத்த நாளே போய் அவரை நேர்முகம் கண்டோம். உண்மையில் அவர்தான் எங்களைக் கண்டார்.

“எத்தின பேர் ஏறுவாங்க?” என்று கேட்டார்.

“ரெண்டு பக்கமும் சேர்த்துப் பத்துப் பேர்,” என்றான் சிவா.

“லொறி?”

“லொறி இல்லை நானா.”

“அப்ப லேசு,” என்று வேலையை ஏற்றுக்கொண்டார். பாதுகாப்புக்காகப் பாதையைப் பிற்பகலில் நிறுத்திவைத்து, ஊரடங்குக்கு முன்னால் மாலையில் ஒரே ஒரு தடவை மட்டும் விட்ட நாட்கள் அவை. அவரும் சும்மாதான் இருந்தார்.

எங்களுக்கு அதுவரை இருந்த ஒரே பயிற்சி சோதனைச் சாவடிகளில் கிடைத்தது. பந்தைத் தரையில் தட்டிக் காட்டி, அது வெறும் பந்துதான் என்று நிரூபித்தால்தான் மேலே போகலாம். அந்த வகையில் நாங்கள் எல்லோரும் நன்றாகத் தட்டுவோம். பார நானா வந்தபிறகுதான் உண்மையான கல்வி தொடங்கியது.

முதல் நாளே துள்ளுவதைத் தடை செய்தார். “துள்ளினா இறங்கக்குள்ள ஆட்டும்!” பிறகு, எதிரணி முழுவதும் எங்கள் வளையத்தடிக்கு ஓடிவந்தால் எங்களில் இருவர் உடனே மற்றக் கரைக்குப் போய் நிற்க வேண்டும் என்றார். எல்லாரும் ஒரே கோடியில் நின்றால் என்னவாகும் என்பதை இரண்டு கைகளாலும் கவிழ்த்துக் காட்டினார்.

சிவா பொறுமை இழந்தான். “நானா, இது தரை. கீழ மண்.”

“மண்ணுக்குக் கீழ?”

படித்தவன் என்ற முறையில் நான்தான் பதில் சொன்னேன். “தண்ணி.”

“அப்ப?” என்றார் நானா. அன்றைக்கே எல்லோரும் துள்ளாமல் ஆடப் பழகத் தொடங்கினார்கள்.

போட்டி நாள் வந்தது. நடுவரிடமும் விசில் இல்லை; நானாவினுடையதைத்தான் இரவல் வாங்கினார். கிண்ணியா அணி எங்கள் வளையத்தடியில் குவிந்தபோதெல்லாம், எங்களில் இருவர் மைதானத்தின் மறுகோடியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப்போல நின்றார்கள். பந்து தவறித் தவறி அவர்களிடம் போனது. அவர்களைத் தடுக்க அங்கே ஒருவரும் இல்லை. துள்ளாமலே போட்டார்கள். எங்கள் கல்லூரி வரலாற்றில் முதல் தடவையாக நாங்கள் முன்னணியில் இருந்தோம். அதிபர் கதிரையிலிருந்து எழும்பி நின்றார், ஏமாற்றத்தோடு.

அப்போதுதான் நானாவின் முகம் மாறியது. புள்ளிப் பலகையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“ஒரு பக்கம் கூடிப்போச்சு.”

“நானா, நாங்கள் வெல்லுறம்!” என்று கத்தினான் சிவா. “வெண்டால் மைதானம் எங்களுக்கு!”

“அதான் மகன் சொல்றன். கூடிப்போச்சு.” என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க இறங்குங்க.”

என் வாழ்வின் பொன்னான கணம் அது. சிவாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனந்தக் கண்ணீர் என்று நான் எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் படித்ததை எல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து இறங்கினேன். என் கைக்கு வந்த பந்தெல்லாம் நேராகக் கிண்ணியாக்காரரின் கைக்குப் போனது. ஒரு தரம் என் முதுகில் பட்டு எங்கள் வளையத்துக்குள்ளேயே விழுந்தது. புள்ளிகள் சமனாகிய கணத்தில் நானா நடுவருக்கு மேற்கே சாய்ந்த சூரியனைக் காட்டினார். கடைசிப் பாதையைத் தவறவிட்டால் அந்தப் பொடியன்கள் ஊரடங்குக்குள் அகப்படுவார்கள். மேலதிக நேரம் பற்றி யாரும் பேசவில்லை. நடுவர் ஊதினார்.

அதிபருக்கு வேறு வழி இல்லை. தோற்றால்தான் அரிசி என்று எல்லார் முன்னாலும் சொன்னவர். நாங்கள் தோற்கவில்லை. கடைசியில் மூட்டைகளை அவருடைய அலுவலக விறாந்தையில் அடுக்கினார்கள். ஒரு வருடம் அவர் பக்கவாட்டில்தான் உள்ளே போய்வந்தார்.

அடுத்த கிழமை மறுபடியும் பாதையில் போனபோது, நானாவின் தந்திரத்தைப் பாராட்டுவதாகத் தொடங்கி என்னைப் பற்றிய பாராட்டில் முடிக்க ஆசைப்பட்டேன்.

“நானா, அதிபர் சொன்னதைச் சரியாப் பிடிச்சு மைதானத்தைக் காப்பாத்திப்போட்டீங்கள். அந்த இக்கட்டில என்னை இறக்கினீங்களே, என்னட்ட என்ன திறமையைக் கண்டனீங்கள்?”

“அதிபர் என்ன சொன்னவர்?” என்று கேட்டார். உண்மையாகவே தெரியாதுபோல இருந்தது. “தம்பி, அந்தப் பொடியன்மார் என்ட பாதையிலதானே திரும்பிப் போகணும்? தோத்தவன் எல்லாம் ஒரு மூலைக்குள்ள போய்க் குந்திக்கொள்ளுவான், பாதை சரிஞ்சிரும். வெண்டவன் எல்லாம் ஒரு பக்கத்துல நிண்டு துள்ளுவான், அப்பவும் சரிஞ்சிரும். சமனா முடிக்க உங்களை விட்டா எனக்கு வேற ஆரு?”

அவர் என் தோளைப் பிடித்து, ஒரு கண்ணாடிப் பெட்டியை நகர்த்துவதுபோல மெதுவாகத் தள்ளினார்.

“விளையாட்டுக்குத்தான் உதவல்ல, பாரத்துக்காவது உதவுங்க. அந்தா, அந்த எருமைக்கு நேர எதிர்ப்பக்கம் போய் நில்லுங்க.”