தண்ணீர்த் தொட்டி வழிந்தால்: பக்கம் 212 முதல் 247 வரை

கையேட்டார் என்றோர் இனம் இருக்கிறது, தெரியுமா உங்களுக்கு? இந்த இனத்தைப் பார்க்கக் காடு மலை ஏற வேண்டியதில்லை. எந்த அலுவலகத்திலும், நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில், சட்டைப் பையில் நாலு நிறப் பேனாவும் கழுத்தில் ஸ்டாப்வாட்சும் விரல் நுனியில் காய்ந்த பசையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவரேதான். கழிப்பறை எந்தப் பக்கம் என்று யாராவது அவசரமாகக் கேட்டால், "இந்தக் கட்டடத்துல கழிப்பறைங்க மூணு வகை" என்று ஆரம்பிப்பார். கேட்டவர் மீதியைக் கேட்க நிற்க மாட்டார். நிற்கிற நிலைமையிலும் இருக்க மாட்டார்.

இந்த இனத்துக்குச் சேர்க்கத் தெரியும். நீக்கத் தெரியாது.

நம் கையேட்டார் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தார். லிப்ட் நின்றால் என்ன செய்வது, மின்சாரம் போனால் என்ன செய்வது, தண்ணீர்த் தொட்டி வழிந்தால் என்ன செய்வது என்று சகலத்துக்கும் சேர்த்து ஒரு கையேடு தயாரிக்கும்படி அலுவலகத் தலைவி அவரிடம் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. அந்த அம்மையாரை எல்லாரும் பெரிய மேடம் என்பார்கள். "நேத்து வேலைக்குச் சேந்தவங்க கூட எடுத்துப் பாத்தா சட்டுனு புரியணும்" என்பதுதான் பெரிய மேடம் போட்ட ஒரே நிபந்தனை. முதல் வரைவு நூற்றெண்பது பக்கம் வந்தது. கொஞ்சம் பெரிசுதான், ஆனால் ஒரு கையால் தூக்க முடிந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டாரா? பயன்பாட்டுச் சோதனை என்று ஒன்று இருப்பதாக யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். விஷயம் எளிது. ஒன்றும் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, கையேட்டைக் கையில் கொடுத்து, ஒரு கேள்விக்கு விடை தேடச் சொல்ல வேண்டும். தேடுகிறவர் மனதில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சோதிப்பவர் ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். உதவி செய்யக் கூடாது, தலையாட்டக் கூடாது, உச்சுக் கொட்டக் கூடாது. நல்ல முறைதான். விவரமறிந்தவர்கள் இப்படிச் சோதித்து, வாசகர் தடுக்கி விழுந்த கல்லை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். நம்மவர் கல்லை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் 'இங்கே கல் உள்ளது' என்று ஒரு பலகை நட்டார். அந்தப் பலகையில் இன்னொருவர் இடித்துக்கொண்டால், 'பலகை கவனம்' என்று இன்னொரு பலகை.

முதலில் மாட்டியவர் மாமனார். மகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் நல்ல எண்ணத்தோடு வந்த மனிதரை, செருப்பைக் கழற்றிய சூட்டோடு நாற்காலியில் உட்காரவைத்து மடியில் கையேட்டை வைத்தாயிற்று.

"மனசுல என்ன படுதோ அப்படியே சொல்லுங்க மாமா. கூச்சப்படாதீங்க."

"பசிக்குதுப்பா."

எழுதிக்கொண்டார். அடுத்த வரைவில், நான்காம் அத்தியாயத்தின் தலையில், கட்டம் கட்டி ஒரு குறிப்பு வந்தது: 'இந்த அத்தியாயத்தைச் சாப்பிட்ட பிறகு படிப்பது நலம்.'

அடுத்தவன் மச்சினன். மின்பலகைக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற படத்தைப் பார்த்து, "இவரு ஏன் அத்தான் அழறாரு?" என்று கேட்டுவிட்டான். படத்தை மாற்றிவிட்டால் தீர்ந்தது, இல்லையா? அதெப்படி மாற்றுவது? 'படத்தில் இருப்பவர் அழவில்லை. அவருக்கு வியர்க்கிறது' என்று கீழே ஒரு பத்தி ஏறியது. அதைப் படித்த கணக்குப் பிரிவு அக்கா, "ஐயோ பாவம், எதுக்கு இப்படி வியர்க்குது? உடம்புக்கு என்னவாம்?" என்றார். உடனே அவருடைய உடல்நிலை பற்றி ஒரு பக்கம். அதற்கடுத்த சோதனையில் யாரோ வேறேதோ கேட்க, ஐந்தாம் வரைவில் அந்தப் படத்து மனிதர் இருபது வருட அனுபவமும் இரண்டு பெண் குழந்தைகளும் உடையவராகிவிட்டார்.

நிறங்களின் கதை தனி. அவசரத்துக்குச் சிவப்புப் பக்கம், அரை அவசரத்துக்கு ஆரஞ்சு, ஆற அமரப் பார்க்கலாம் என்பதற்குப் பச்சை என்று ஏழு நிறம் வைத்திருந்தார். லிப்ட் ஆபரேட்டர் எடுத்துப் பார்த்துவிட்டு, "எனக்குப் பொறந்ததுலேர்ந்தே கலர் தெரியாது சார், எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார். ஆகவே ஒவ்வொரு நிறத்துக்கும் மூலையில் ஓர் உருவம்: வட்டம், சதுரம், முக்கோணம், பிறை, அம்பு, பூ. ஏழாவதற்கு உருவம் எதுவும் தோன்றாமல் ஒரு கோழியைப் போட்டார். கோழி எதற்கு என்று கேட்காதவர் இல்லை. கோழிக்கு மட்டும் நாலு பக்க விளக்கம். இப்படியே பொருளடக்கம் பத்தொன்பது பக்கமாக நீள, பொருளடக்கத்துக்கு ஒரு பொருளடக்கம் தேவைப்பட்டது. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். தள்ளுவண்டியில் வைத்துத்தான் கையேட்டை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கொண்டுபோனார்கள். கையேடு என்ற பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

மனைவி சொல்லிப் பார்த்தாள்.

"ஏங்க, ஒரே ஒரு வரியாவது எடுங்களேன்."

"எத எடுக்கச் சொல்ற? உங்கப்பாவுக்குப் பசிச்சதையா?"

"அப்பாவுக்கு அன்னிக்கே பசி தீந்துடுச்சு. நான்தானே சாப்பாடு போட்டேன்!"

"ஒவ்வொரு வரிக்குப் பின்னாலயும் ஒரு மனுஷன் திண்டாடியிருக்காண்டி. அத எடுத்துட்டா, நாளைக்கு இன்னொருத்தன் அதே எடத்துல திண்டாடுவானே. அந்தப் பாவம் யாருக்கு?"

அவர் கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே கலங்கியது. இந்த இனத்துக்கு மூளைக் கோளாறு எதுவும் இல்லை, இரக்கம்தான் அளவுக்கு மீறி இருக்கிறது.

பெரிய மேடத்துக்கு அந்த அளவு இரக்கம் இல்லை. ஒருநாள் தள்ளுவண்டி அவர் காலில் ஏறிவிட்டது. மறுநாளே கூப்பிட்டார்.

"புதன்கிழமை பதினோரு மணி. இதான் கடைசிச் சோதனை. நானே வந்து உக்காரப் போறேன். இருபது நிமிஷத்துல ஒரு புது ஆளு விடையக் கண்டுபிடிச்சிட்டா, அச்சுக்கு அனுப்பிடலாம். இல்லன்னா இந்தக் கையேட்டுப் பிரிவையே மூடிடுறேன்."

கையேட்டுப் பிரிவு என்பது அவர் ஒருவர்தான். மூன்று வருட உழைப்பு, மாதச் சம்பளம், மாமனாரின் பசி எல்லாம் அந்த இருபது நிமிடத்துக்குள் வந்து நின்றன.

சோதனை சுத்தமாக இருக்க வேண்டுமே என்று எல்லா ஏற்பாட்டையும் அவரே செய்தார். நாலாம் மாடிக் கூட்ட அறையில் ஜன்னலையெல்லாம் மூடினார். வாசகராக, வேலைக்கு வந்து மூன்றே நாளான வரவேற்பாளர் அம்மாவைத் தேர்ந்தெடுத்தார். சொன்ன சொல்லைத் தட்டாத பெண்மணி. முக்கியமாக, விடை தெரிந்தவர் யாரும் அக்கம்பக்கத்தில் இருந்து குறிப்புக் கொடுத்துவிடக் கூடாது என்று, தினமும் பத்தே முக்காலுக்கு மொட்டைமாடி ஏறித் தண்ணீரை நிறுத்துகிற பிளம்பரைக் கூப்பிட்டு, "இன்னிக்கு நீங்க மேல வரவே கூடாது, நான் சொல்ற வரைக்கும் கீழ கேன்டீன்லயே இருங்க" என்று கையோடு அனுப்பிவைத்தார். என்ன ஒரு முன்யோசனை!

சரியாகப் பதினோரு மணிக்கு ஸ்டாப்வாட்சை அழுத்தினார். வரவேற்பாளர் அம்மா கேள்வி அட்டையை உரக்கப் படித்தார்: "மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது. நிறுத்துக."

பிறகு கையேட்டைத் திறந்து, பொருளடக்கத்தின் பொருளடக்கத்தில் விரலை ஓட்டினார். "தண்ணி... தண்ணி... ஆங், பக்கம் இருநூத்திப் பன்னெண்டு. தண்ணீர் என்றால் என்ன." புரட்டினார். "தொட்டி என்றால் என்ன. நிரம்புதல், வழிதல், வேறுபாடு. இங்க ஒரு கோழி இருக்கு சார்."

கையேட்டார் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு எழுதினார்.

ஆறாவது நிமிடத்தில் அந்த அம்மா அண்ணாந்து பார்த்தார். "மனசுல படுறதச் சொல்லச் சொன்னீங்க. மேலேருந்து தண்ணி சொட்டுற மாதிரி இருக்கு சார்."

'வாசகர் கேள்வியோடு ஒன்றிவிட்டார்' என்று கையேட்டார் குறித்துக்கொண்டார். அடுத்த சொட்டு அவருடைய குறிப்பேட்டிலேயே விழுந்தது. அவர் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, 'சொட்டு' என்று எழுதினார்.

பெரிய மேடமும் அண்ணாந்து பார்த்தார். முகத்தில் முதல்முறையாக ஒரு மலர்ச்சி. "அடேயப்பா! கேள்விக்கு ஏத்த மாதிரி தண்ணியெல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கீங்களே. பேஷ்!"

மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. மறுக்க மனம் வருமா? கையேட்டார் பணிவோடு தலை குனிந்தார்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் சொட்டு ஒழுக்காயிற்று. ஒழுக்கு மேசைமேல் விழுந்தது. சிவப்பு ஆரஞ்சில் கரைந்தது, ஆரஞ்சு பச்சையில் கரைந்தது, ஏழு நிறமும் ஒன்றாகி லிப்ட் ஆபரேட்டர் பார்த்த மாதிரியே ஆயின. வரவேற்பாளர் அம்மா காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, ஒட்டிப்போன பக்கங்களை நகத்தால் பிரித்தார்.

"சார், இது நிஜத் தண்ணியா? அதையாவது சொல்லுங்க சார்!"

சோதிப்பவர் பதில் சொல்லக் கூடாது. விதி. கையேட்டார் உதட்டைக் கடித்துக்கொண்டார். பத்தே முக்கால், கேன்டீன், பிளம்பர் மூன்றும் அவர் மண்டைக்குள் ஒன்றையொன்று அப்போதுதான் சந்தித்தன. வாயைத் திறந்தால் சோதனை போச்சு, வேலை போச்சு. திறக்காவிட்டால் கூரையே போச்சு. சரி, போனது போகட்டும், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அப்போதுதான் அந்தக் கொடுமை உறைத்தது. தண்ணீரை எப்படி நிறுத்துவது என்று அவருக்கே நினைவில்லை. அவர்தான் எழுதினார், முப்பத்தாறு பக்கம் எழுதினார், அதில் எங்கோ அந்த வரி இருக்கிறது. எங்கே?

"பக்கம்... பக்கம் இருநூத்தி நாப்பத்தொண்ணு பாருங்க!" என்று கத்தினார். இருநூற்று நாற்பத்தொன்றில் வியர்வைக்காரரின் இளைய மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

வரவேற்பாளர் அம்மா கையேட்டை மூடினார். கதவைத் திறந்தார். வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள் அல்லவா, சொன்னார்: "யாராவது வாங்களேன்! கட்டடமே முழுகுது!"

பிளம்பர் ஏற்கெனவே பாதிப் படி ஏறிவிட்டார். தண்ணீரே நாலு மாடி இறங்கிக் கேன்டீனுக்குப் போய் அவரை அழைத்து வந்திருந்தது. விடுவிடுவென்று மொட்டைமாடிக்கு ஓடினார். ஒரு நிமிடம் ஆகவில்லை, ஒழுக்கு நின்றது.

கையேட்டார் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். "பத்தொன்பது நிமிஷம் நாப்பது செகண்டு மேடம்! இருபதுக்குள்ள நின்னுடுச்சு!"

பெரிய மேடம் செருப்பைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். பிளம்பர் இறங்கி வந்ததும், "என்னய்யா பண்ணின?" என்று கேட்டார்.

"செவப்புக் கைப்பிடிய வலப்பக்கம் திருப்பினேன் மேடம். தினமும் பண்றதுதான்."

"இன்னிக்கு ஏன் பண்ணல?"

"விடை தெரிஞ்சவங்க மேல இருக்கக் கூடாதுன்னு சார்தான் கீழ உக்காத்தி வெச்சாரு."

பெரிய மேடம் தன் கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துத் துடைத்து, கையேட்டார் முன்னால் வைத்தார்.

"அவரு இப்ப சொன்னாரே, அத இதுல எழுதுங்க. ஒரே ஒரு வரி. எழுதித் தொட்டிக்குப் பக்கத்துல மாட்டுங்க. இத உருப்படியா செஞ்சா வேலையில இருங்க. இல்லன்னா வீட்டுக்குப் போங்க."

கையேட்டார் எழுதினார்: 'சிவப்புக் கைப்பிடியை வலப்பக்கம் திருப்பவும்.' மூன்று தரம் படித்துப் பார்த்தார். மூன்று தரமும் புரிந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பெரிய மேடம் எட்டிப் பார்த்து, "ம், இவ்ளோதான் விஷயம்" என்று சொல்லிவிட்டுக் கால் துடைக்கப் போனார்.

கையேட்டார் தனியாக அட்டையோடு உட்கார்ந்திருந்தார். எழுத்துக்குக் கீழே முக்கால் அட்டை காலியாகக் கிடந்தது. வலப்பக்கம் என்றால் யாருடைய வலப்பக்கம்? தொட்டிக்கு முதுகைக் காட்டி நிற்கிறவன் என்ன செய்வான், பாவம்? இடக்கைக்காரன் வந்தால்? பேனாவை மூடினார். திறந்தார். மூடினார். வேலை முக்கியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்த வரியின் முடிவில், கடுகளவில், ஒரு நட்சத்திரக் குறி வைத்தார்.

தொட்டிக்குப் பக்கத்தில் இப்போது அந்த அட்டை தொங்குகிறது. நட்சத்திரத்துக்கு நேர் கீழே, 'எதிர்ச்சுவரைப் பார்க்கவும்' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. எதிர்ச்சுவரில் பதினான்கு தாள்கள் ஒட்டியாயிற்று, நேற்று இரண்டு கூடியிருக்கிறது. பெரிய மேடத்துக்கு மூட்டு வலி, மொட்டைமாடிக்கு ஏறுவதில்லை. ஏறுகிற நாள் வரைக்கும் கையேட்டாருக்கு வேலை உண்டு.

நன்றாகச் சிரித்துவிட்டீர்கள் அல்லவா? எங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருத்தர் இருக்கிறார் என்று பெயர்கூட நினைவுக்கு வந்திருக்கும். இருக்கட்டும். போன தடவை நாலு நாள் வெளியூர் போனபோது, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு தாள் எழுதிக் கொடுத்தீர்களே, அந்தத் தாளின் பின்பக்கம் என்ன எழுதியிருந்தது?