மாப்பிள்ளை, தயவுசெய்து டிக்கெட் போட வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் என் வழக்கம். இந்த முறை அந்த வரியிலேயே பேனா நின்றுவிட்டது. நான் நலம். உங்கள் அத்தையைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். வெளிநாட்டில் தாங்களும் என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்ல வேண்டியதைக் கூரியரில் அனுப்புகிறாரே என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் போன் ஸ்பீக்கரில்தான் பேசும், உங்கள் அத்தை அதன் பக்கத்தில்தான் உட்காருவாள், அதனால்தான்.

நேற்று டிவியில் இந்த ஆண்டு உலகை உலுக்கிய நிகழ்வுகள் என்று ஒரு நிகழ்ச்சி காட்டினார்கள். மற்றவர்களுக்கு அது உலகச் செய்தி. எனக்கோ, நீங்கள் என் மகளுக்குப் போட்ட டிக்கெட்டுகளை வரிசையாகக் காட்டுவது போல இருந்தது. தவறாக நினைக்கக் கூடாது. மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வருமா? ஆனால் நான் லிஃப்ட் மெக்கானிக்காகவே வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். ஒருவர் பட்டனை அமுக்கி லிஃப்ட் நின்றுவிட்டால் ஒரு தடவை விட்டுவிடுவோம். அதே ஆள் அமுக்கும்போதெல்லாம் நின்றால், "சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்போம்.

பிப்ரவரியில் டாக்டர், உங்கள் அத்தையின் இதய வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார். "என் பொண்ணு வந்து பக்கத்துல நிக்கட்டும், அப்புறம் வெட்டுங்க, தைங்க, ஏன்னு கேக்க மாட்டேன்" என்று இவள் அடித்துச் சொல்லிவிட்டாள். நீங்களும் பெரிய மனதோடு மார்ச்சில் டிக்கெட் போட்டீர்கள், எங்கோ ஒரு துணை மின்நிலையத்தில் தீப்பிடித்து, அவள் விமானம் மாற வேண்டிய அந்தப் பெரிய விமான நிலையத்தையே ஒரு நாள் முழுக்க இழுத்து மூடினார்கள், சரி, தீ என்றால் எங்கும் பிடிக்கும் என்று விட்டேன், ஏப்ரலில் நீங்கள் மறுபடியும் லீவுக்கு எழுதிக் கொடுத்த வாரமே ஒரு பெரிய நாடு உலகத்துக்கெல்லாம் வரி போட்டது, வெறும் லீவுக்கே இப்படி என்றால் டிக்கெட்டுக்கு எப்படி இருக்கும், அதே மாதக் கடைசியில் டிக்கெட்டும் போட்டீர்கள், அவள் இறங்கி ஏற வேண்டிய நாட்டுக்கும் அதன் பக்கத்து நாட்டுக்கும் சேர்த்துக் கரண்ட் போயிற்று. ஒரு தெரு இல்லை, ஒரு ஊர் இல்லை, மாப்பிள்ளை, இரண்டு நாடு! எத்தனை பேர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டியிருப்பார்கள் என்று நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் அத்தை மட்டும் அன்று இரண்டு கரண்டி கூடவே சாப்பிட்டாள். அதிர்ச்சியில் சிலருக்குப் பசிக்குமாம்.

ஜூனில் விமானம் கிளம்பியே விட்டது. நான் கட்டிலுக்குப் புது விரிப்புகூடப் போட்டுவிட்டேன். அதற்குள் இரண்டு நாடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏவுகணை விட ஆரம்பித்து, வான்வெளியை மூடி, பாதி வழி வந்த பிள்ளையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவள் எந்த ஆகாயத்தில் இருக்கிறாள் என்றே தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோமே, அதை நினைத்தால் இப்போதும் என் எழுத்து கோணுகிறது. கடைசியில் "ஏறின இடத்துலயே இறக்கி விட்டுட்டாங்கப்பா" என்று அவள் குரல் வந்ததும் உங்கள் அத்தை "நல்லவேளை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள், "இன்னைக்கு டிக்கெட் எல்லாம் போடல மாமா, சும்மா விலைதான் பாத்தேன்" என்றீர்கள். அன்றுதான் ஒரு பேர்பெற்ற அருங்காட்சியகத்தில் பட்டப்பகலில் ஏணி வைத்து ஏறி ராஜ வம்சத்து நகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். விலை பார்த்ததற்குத் திருட்டோடு போயிற்றே என்று நான் ஆறுதல் அடைவதற்குள், மறுநாள் நீங்கள் பணம் கட்டும் பட்டனை அமுக்கியிருக்கிறீர்கள், உலகத்தில் பாதிப் பேருக்கு இணையம் படுத்துவிட்டது. அப்போதாவது விட்டிருக்கலாம். விடாமுயற்சி உங்கள் குடும்பத்துக்கே உள்ள நல்ல குணம், பெண் கொடுக்கும்போதே எனக்குத் தெரியும். நவம்பரில் மறுபடியும் போட்டீர்கள். ஆயிரக்கணக்கான வருஷமாக வாயைத் திறக்காத ஒரு எரிமலை வாயைத் திறந்தது. அதன் சாம்பல் கடலைத் தாண்டி, ஆட்களை விசாரித்துக்கொண்டு வருவது போல நேராக அவள் விமானத்தின் வழிக்கே வந்தது. அந்த மலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நம் விலாசம் அதற்கு எப்படித் தெரிந்தது?

இப்போது உங்கள் அத்தைக்கு வருகிறேன். ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்த்தவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில். முன்பெல்லாம் இரண்டு கையிலும் பையோடு என்னைத் திட்டிக்கொண்டே ஏறுவாள். இப்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். கீழ்வீட்டு டெய்லர் தன் கடை ஸ்டூலைப் படி திரும்பும் இடத்தில் போட்டு வைத்திருக்கிறார். அதில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறாள், திட்டுவதில்லை. அந்தத் திட்டு நின்றுபோனதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்துகிறது. போன வாரம் டாக்டர் கோபமாகவே, "ஏர்போர்ட் மூடினா என்ன, மலை வெடிச்சா என்னம்மா? உங்க வால்வு நியூஸ் பாக்குறதில்ல. ஜனவரி தாண்டினா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் நீங்கள், "சம்பளம் வந்ததும் ஜனவரிக்கு டிக்கெட் போட்டுடறேன் மாமா" என்கிறீர்கள். வேண்டாம் மாப்பிள்ளை. உங்கள் காலில் விழ முறையில்லை, இருந்தால் விழுவேன். நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். டிக்கெட் போட்டாச்சு, விமானம் ஏறியாச்சு, வந்துகொண்டே இருக்கிறாள் என்று போனில் பொய் சொல்லுங்கள். என் மகள் அன்று போனை அணைத்து வைக்கட்டும். இவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது நான் "கீழ டாக்ஸி வந்துடுச்சு, பணம் கொடுத்துட்டு இருக்கா" என்று சொல்லிவிடுகிறேன். கண் விழித்ததும் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டட்டும். அந்தத் திட்டுக்காகத்தான் இத்தனையும்.

கடிதம் கண்டதும் கிழித்துவிடவும். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் குறையாத ஆரோக்கியமும் கிடைக்கட்டும், உலகத்துக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். கவரை ஒட்டப் பசை எடுக்க உள்ளே போன நேரத்தில் உங்கள் அத்தை கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள். திட்டு விழும் என்று நின்றேன். சிரித்தாள், மூச்சு வாங்கி உட்கார்ந்தாள், பிறகு அழுதாள். "பாவம், மாப்பிள்ளை மேல போய்ப் பழியைப் போடறீங்களே. அவ வந்துட்டா நான் ஆபரேஷனுக்குப் போயாகணுமே. பயமா இருந்துச்சு. அவர் டிக்கெட் போட்டுட்டேன்னு சொல்றப்பல்லாம், எதாவது நடந்து இது தள்ளிப்போகட்டும்னு நான்தான் சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன். அவ ஆகாசத்துல மாட்டிக்கிட்ட அன்னைக்கு, இனிமே வேண்ட மாட்டேன்னு சொன்னேன். பயம் திரும்பவும் வந்துடுச்சு. ஆனா எரிமலையெல்லாம் நான் கேக்கலங்க. நாலு நாள் லேட்டானாப் போதும்னுதான் கேட்டேன்" என்றாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் நான் தப்பான பட்டனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், மாப்பிள்ளை. இனி வேண்ட மாட்டாளாம். பெண் வந்தாலும் வராவிட்டாலும் ஜனவரியில் உள்ளே போகிறேன் என்று டாக்டருக்கு அவளே போன் செய்துவிட்டாள். உள்ளே போகும் வரை அவள் கையை நான் பிடித்துக்கொள்வேன். கதவு மூடிய பிறகு என் கையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். உடனே டிக்கெட் போடவும்.