புஸ் நைனாவின் மர வாத்துகள்

வாத்துகள் துளிகூடப் பயப்படாத வேட்டைக்காரர் ஒருவர் இந்த உலகத்தில் இருந்தார் என்றால், அது எங்கள் ‘புஸ்’ நைனாதான்.

அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு போல்ட் நட்டுப் பட்டறையில் நான் குமாஸ்தா. நைனா அங்கே லேத் ஓட்டுபவர். ஒல்லியான ஆள், அவரைவிட நீளமாக ஒரு துப்பாக்கி வைத்திருந்தார், தாத்தா காலத்தியது. தோட்டாவெல்லாம் கிடையாது. குழாய் வாய் வழியாக வெடிமருந்தையும் ஈய ரவையையும் போட்டு இடிக்க வேண்டும். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். முதலில் வெளியே இருக்கிற மருந்து ‘புஸ்’ என்று பற்றிப் புகையும். பிறகுதான் ‘டமால்’. இரண்டுக்கும் நடுவில் வாத்துகள் ஆந்திராவுக்கே போய்விடும்.

“அதுங்களுக்கு இன்னாபா அவ்ளோ அவசரம்?” என்று நிஜமாகவே வருத்தப்படுவார்.

ஆனால் வாத்துகளை வரவழைப்பதில் மன்னன். கல்யாண முருங்கைக் கட்டையில் ஆறு வாத்துகளைச் செதுக்கி, பட்டறைப் பெயிண்டை அடித்து, நகராமல் இருக்கக் கயிற்றில் ஆளுக்கொரு போல்ட்டையும் கட்டி ஏரியில் மிதக்கவிடுவார். ஒருமுறை பட்டணத்திலிருந்து ஜீப்பில் வந்த ஒருவர் அவற்றில் இரண்டைச் சுட்டுவிட்டார். நைனா சண்டைக்குப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ அந்த ஆளின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தார்.

“பாத்தியா? தொப்பி போட்ட ஆளே ஏமாந்துட்டான்!”

அந்த மார்கழியில் முதலாளி அவரைக் கூப்பிட்டார். “ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க சாப்பிட வராங்க. காட்டு வாத்து கொண்டாந்தியானா மேஸ்திரி வேலை உனக்குத்தான்.” அந்த வேலைக்கு நைனா பல வருஷமாகக் காத்திருந்தார்.

ஞாயிறு விடிந்ததும் நானும் கூடப் போனேன். கோரைக்குப் பின்னால் முழங்கால் தண்ணீரில் நின்றோம். ஒரே ஒரு பெட்டை வாத்து இறங்கியது. நேராகப் போய் ஒரு மர வாத்தை ஒட்டி நின்று, அதன் கழுத்தைக் கோதிவிட ஆரம்பித்தது. பத்தடி தூரம்தான். அந்தத் துப்பாக்கிக்குக்கூடத் தப்பாது.

நைனா குறி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சுடுங்க நைனா!”

“முடிலபா.” துப்பாக்கியை இறக்கினார். “நான் செதுக்குன கட்டைய ஜோடின்னு நம்பி வந்துகீது. அத்தப் போய் எப்படிபா சுடறது?”

“மேஸ்திரி வேலை போயிடும்!”

“போனா போவுது. நீ கத்தாத, அது பயந்துக்கும்.”

வேலை இன்னொருவனுக்குப் போயிற்று. முதலாளி ஒரு மாதம் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. வலித்திருக்கும், நைனா எங்களிடம் காட்டிக்கொள்ளாமல் லேத்தில் குனிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில்தான் கவனித்தேன், மருந்துப் பையைக் காணோம்.

“மறந்துட்டீங்களே!”

“மறக்கலபா. வெறுங்கையோட ஏரில குந்திகினு இருந்தா லூசும்பாங்க.”

நான் ஊர் மாறும்வரை எந்த ஞாயிறும் வேறெங்கும் போனதில்லை. கோரைக்குள் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். வாத்து இறங்கினால் என் தொடையில் மெதுவாகத் தட்டுவார். இப்போதும் எங்காவது தண்ணீரில் ஒரு பறவை வந்து இறங்கினால், அந்தத் தட்டலுக்காக ஒரு நொடி காத்திருக்கிறேன்.