ஊதல் மாமாவும் வாய் திறந்த டிராகனும்

மயிலாப்பூரில் மூச்சை அடக்கிப் பேர் வாங்கிய வித்வான்கள் எத்தனையோ பேர். மூச்சை விட்டே பேர் வாங்கியவர் ஊதல் மாமா ஒருவர்தான்.

நான் ஆறாம் கிளாஸைத் தாண்டாதவன். ஆனால் மாட வீதிக்குப் பின்சந்தில் முதன்முதலில் வீடியோ கேம் கடை போட்டவன் யாரென்று கேட்டுப் பாருங்கள், என் பேரைத்தான் சொல்வார்கள். இன்றைக்கு கோட்டு போட்டவர்கள் என்னிடம் வந்து வியாபார யோசனை கேட்கிறார்கள். அது வேறு கதை. தொண்ணூறுகளில் அந்தக் கடையில் நாலு டிவி, நாலு கேம் பெட்டி, ஒரு கூடை நிறைய கேசட். கேசட்டைச் சொருகினால் பாதி நேரம் திரையில் பொரி பொரியாகத்தான் வரும். உருவி, அடியில் ஊதி, மறுபடி சொருக வேண்டும். எல்லாரும்தான் ஊதுவார்கள். மாமா ஊதினால் செத்த கேசட் எழுந்து உட்காரும்!

பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் மூக்குப்பொடி டப்பா. தினம் சாயங்காலம் மாமியிடம் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு நேரே என் கடைக்கு வருவார். திரும்பும்போது என் கடை சாமி படத்து விபூதியை நெற்றி நிறைய இழுத்துக்கொண்டு போவார். நடுவில் ஒரே ஒரு ஆட்டம். ஒரு குட்டி வீரன் கோட்டை கோட்டையாகத் தாண்டி, கடைசியில் ஒரு டிராகனைக் கொல்ல வேண்டும். பாதியில் விட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். மாமா கடைசிக் கோட்டைக்குள் நுழையும்போதெல்லாம் கரண்ட் போகும், இல்லாவிட்டால் கோவில் நடை சாத்துகிற நேரம் வந்துவிடும். டிராகனின் வாலைப் பார்த்திருக்கிறாரே தவிர, தலையைப் பார்த்ததில்லை.

"இன்னா மாமா, தெனம் இதே வாலா? வேற கேம் ஆடுங்களேன்!"

"ஆரம்பிச்சதை முடிக்காம விட்டா எனக்குத் தூக்கம் வராது முதலாளி."

அப்படிப்பட்டவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு இடி. டெல்லியில் இருந்த மகள், இனி அம்மாவும் அப்பாவும் தன்னோடுதான் என்று டிக்கெட் போட்டுவிட்டாள். மறுநாளே என் கடையில் ஹை வோல்டேஜ் வந்து நாலு பெட்டியும் கருகிப் போயின. மாமா நாலையும் ஊதிப் பார்த்தார். கரிதான் பறந்தது.

"டிராகன் மூஞ்சியைப் பாக்காம நான் எப்படி டெல்லிக்குப் போவேன்?"

"டெல்லில கீறவங்கல்லாம் பாத்துட்டா கீறாங்க?" என்றேன். மாமா சிரிக்கவில்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ரெண்டு நாள் கழித்து ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையையும் அதோடு வந்த சிடியையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கடையின் மூலையில், கம்ப்யூட்டர் ஜாதகம் போட நான் பழசாக வாங்கி வைத்திருந்த, அன்றைக்கு ப்ளக் போடாததால் தப்பிய கம்ப்யூட்டரைக் காட்டி, "இதுக்கு கேம் பெட்டி வேஷம் கட்டப் போறேன்" என்றார். அதற்கென்று ஒரு ப்ரோக்ராம் உண்டாம். பேர் எமுலேட்டர்.

"இன்னா வெல சொல்றான்?"

"விலையே இல்லை. எங்கேயோ ஒருத்தன் எழுதி, எப்படி எழுதினேன்னும் வரிக்கு வரி காட்டி, எடுத்துக்கோ, வேணும்னா திருத்திக்கோன்னு வெச்சிருக்கான்."

"சும்மா குடுக்குறானா? எங்கியோ இடிக்குதே மாமா."

"அறுபத்துமூவர் அன்னிக்கு மோர்ப்பந்தல்ல உன்கிட்ட காசு கேக்கறாளா? அந்த மாதிரிதான். இவன் மோரையும் குடுத்து, தாளிக்கறது எப்படின்னும் எழுதி ஒட்டியிருக்கான்."

இதைவிடத் தெளிவாக எந்தப் படித்தவனும் எனக்கு எதையும் விளக்கியதில்லை.

ப்ரோக்ராம் ஏறியது. நான் கம்ப்யூட்டரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "கேசட்ட எங்க சொருவறது?" என்றேன். மாமாவும் அப்போதுதான் யோசித்தார். கேசட்டில் இருப்பதைத் தனியாக ஃப்ளாப்பியில் இறக்க வேண்டுமாம். அடையாறில் ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் அதற்கான கருவி இருந்தது. மாமா போய் இறக்கி, ஃப்ளாப்பியை அங்கவஸ்திரத்தில் சுற்றி, பஸ்ஸில் யார் கையும் படாமல் கொண்டுவந்து போட்டார்.

படிக்க முடியவில்லை என்றது கம்ப்யூட்டர்.

மாமா என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? அதேதான். ஃப்ளாப்பியை உருவி, தகரத் தகட்டை ஒதுக்கி, கண்ணை மூடி ஊதினார். நானாவது தடுத்திருக்க வேண்டாமா? "நல்லா ஊதுங்க மாமா!" என்று உற்சாகப்படுத்தினேன். அவர் பொடி போட்டு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஃப்ளாப்பியின் உள்ளே பழுப்புச் சாரல்!

மறுபடி அடையாறு. புது ஃப்ளாப்பி. இந்த முறை என் துண்டால் மாமாவின் வாயைக் கட்டி உட்கார வைத்துவிட்டு நானே போட்டேன். கோட்டையும் வீரனும் பளிச்சென்று வந்து நின்றார்கள். நான் குதித்தேன். மாமா துண்டை மெல்ல அவிழ்த்தார்.

"ஊதாமயே வந்துடுத்தே முதலாளி."

கல்யாண வீட்டில் யாரும் வாங்கோ என்று கூப்பிடாத சம்பந்தி மாதிரி இருந்தது முகம். "மானிட்டருக்கு ஒண்ணு ஊதிடுங்க மாமா, எனுக்கே மன்சு கேக்கல" என்றேன். ஊதினார். முகம் தெளிந்தது.

ஆனால் வீரன் முழங்கால் சேற்றில் நடப்பதுபோல் நடந்தான். பாட்டு முகாரி ராகத்தில் இழுத்தது. மாமா ப்ரோக்ராமோடு வந்த குறிப்பு முழுவதையும் பாராயணம் செய்து, எதை எதையோ மாற்றி அவனை ஓட வைத்தார். எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆட்டத்தை அப்படியே உறைய வைத்து, மறுநாள் அங்கிருந்தே தொடரும் வசதியையும் கண்டுபிடித்தார். அதன்பிறகு கோட்டைகள் மளமளவென்று விழுந்தன. பெண்ணுக்கு ஜாதகம் பார்க்க வந்த ஒருவர் திரையில் நெளிந்த வாலைப் பார்த்து மிரண்டு, "இது எந்த கிரகம் சார்?" என்றார். மாமா திரும்பாமலே, "ராகு. நகர்ந்துண்டிருக்கார், செத்த உக்காருங்கோ" என்றார்.

டெல்லிக்குக் கிளம்பும் நாள் வந்தது. மாமா கடைசிக் கோட்டையில் இருந்தார். டிராகன் முழுசாகத் திரும்பி வாயைத் திறந்தது. சரமாரியாக அம்பு விட்டு அதை முட்டி போட வைத்துவிட்டார். இன்னும் ஒரே அம்பு. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமி இறங்கினாள்.

"கோவில்ல தேடிட்டு வரேன். இதுதான் உங்க பிரதோஷமா?"

நான் மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். மாமி திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"அதான் விழப் போறதே. அடிச்சுட்டுச் சட்டுனு வாங்கோ. ரயில் காத்துண்டிருக்காது."

மாமா விரலை எடுத்தார். ஆட்டத்தை உறைய வைத்துவிட்டு எழுந்தார்.

"இன்னா மாமா! ஒரே அம்புதான்!"

"இதை முடிச்சுட்டேன்னா, மறுபடி மயிலாப்பூர் வர எனக்கு என்னடா சாக்கு இருக்கு?"

வருஷா வருஷம் பங்குனி உற்சவத்துக்கு வந்தார். நேரே கடைக்கு வந்து, மானிட்டரை ஊதி, டிராகனை நலம் விசாரிப்பதுபோல் பார்த்துவிட்டு, அம்பு விடாமல் எழுந்து போவார். தூக்கம் நன்றாகவே வருகிறதாம்.

இப்போது வருவதில்லை. அந்தக் கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்காரன் எத்தனையோ தடவை கேட்டுவிட்டான். கொடுக்கவில்லை. பங்குனி வந்தால் துடைத்து ஸ்விட்சைப் போடுகிறேன். டிராகன் அதே இடத்தில் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறது. ஊதத் தேவையில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு ஊது ஊதிவிட்டுத்தான் போடுகிறேன்.