பிரேக் வைத்த கம்ப்யூட்டர்

என்னைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டியவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. அந்தப் பட்டியலில் முதல் பேர் என்னுடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், முப்பத்தோரு வயதில், பக்கவாதம் வந்து என் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. அப்போது மலேசியாவின் ஈப்போ நகரில் டயர் விற்கும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஏழு மாதம் கழித்து ஊன்றுகோலோடு திரும்பிப் போனால், என் டைப்ரைட்டரைக் காணோம். அந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. எனக்குக் கொடுத்த வேலை, கடித உறைகளுக்கு ஸ்டாம்ப் ஒட்டுவது. (ஒற்றைக் கைக்கு அது சுலபம் என்று நினைத்த புண்ணியவானை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

முதலாளி, எங்கள் வாயில் 'தவுக்கே', பக்கத்து ஊரான கோப்பெங்கில் வளர்ந்த சீனர், தமிழ் பேசுவார். நேரே அவரிடமே போய்க் கேட்டேன்.

"ஒரு கையில எப்படி லா அடிப்பே?"

"ரெண்டு வாரம் குடுங்க தவுக்கே. அடிச்சுக் காட்றேன்."

"சரி, காட்டு. முடியலன்னா வீட்ல ரெஸ்ட் எடு லா."

ரெஸ்ட்! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இடது கையால் எழுத்தடிக்கப் பழகிவிட்டேன். சிக்கல் கண்ட்ரோல் பொத்தானில்தான். அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இன்னொரு பொத்தானையும் அமுக்கினால்தான் கடிதத்தைச் சேமிக்க முடியும். புந்தோங்கில் மோட்டார்சைக்கிள் பட்டறை வைத்திருந்த என் வீட்டுக்காரர் அதற்கு வழி கண்டார். ஒரு பழைய பிரேக் கம்பியின் ஒரு முனையில் பிரேக் மிதி, மறுமுனையில் ஓர் இரும்பு விரல். இடது காலால் மிதித்தால் இரும்பு விரல் கண்ட்ரோலை அமுக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழகினேன். அருமையாக வேலை செய்தது.

சோதனை நாளன்று வீட்டுக்காரர் ஆபீசுக்கே வந்து கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, கீழே ஓர் எலுமிச்சம்பழமும் வைத்தார்.

"இது புது மோட்டார் காடி இல்லே லா, கம்ப்யூட்டர்," என்றார் முதலாளி.

ஒரு பக்கக் கடிதத்தை அடித்து முடித்து, கடிதத்தின் முதல் வரிக்குத் திரும்பிப்போய்ச் சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை. ஆபீஸே என் பின்னால் நின்றது. சேமிப்பதுதான் பாக்கி. அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. நல்ல காரியத்தைப் பீச்சாங்கையாலா முடிப்பது? சோற்றுக்கை சும்மா மடியில்தானே கிடக்கிறது?

இடது கையால் வலது கையைத் தூக்கிப் பொத்தானுக்கு மேலே கொண்டுபோனேன். மிதியை மிதித்தேன். கை நழுவி, வாழைத்தண்டு மாதிரி தொப்பென்று விழுந்தது. அது விழுந்த பொத்தான், கண்ட்ரோலோடு சேர்ந்தால் வரியை அழிக்கும் பொத்தான். கை அதன்மேலேயே கிடந்தது. ஒரு வரி போனது. அடுத்த வரி போனது. பதறிப்போய் மிதியை இன்னும் பலமாக மிதித்தேன். பிரேக் என்றால், மிதித்தால் நிற்க வேண்டாமா?

"பிரேக்க விடு! விடுடி!" என்று வீட்டுக்காரர் கத்தினார். நான் விடுவதற்குள் திரையில் ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

யாரோ சிரித்தார்கள். யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள். முதலாளி என் தோளைத் தட்டி, "பரவால்ல லா. வீட்டுக்குப் போ," என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அங்கே நின்றவர்கள் எல்லார்மேலும் வந்தது, அதைவிட அதிகமாக என்மேல் வந்தது. ஏழு மாதம் எனக்குச் சோறு ஊட்டி, தலை சீவி, ஊன்றுகோலைப் பிடித்தது இடது கை. அதையா கேவலமாக நினைத்தேன்?

"யாரும் நகராதீங்க! பீச்சாங்கையாலயே அடிக்கிறேன், பாத்துட்டுப் போங்க!"

முழுக் கடிதத்தையும் மறுபடி அடித்தேன். மிதித்தேன். இடது கையாலேயே சேமித்தேன். முதலாளி அச்செடுத்து, நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"திங்கக்கெழம வா லா. இதான் ஒன் எடம்," என்றார்.

அன்று முதல் திருநீறு, தாம்பூலம், மொய் எல்லாவற்றையும் இடது கையால்தான் கொடுக்கிறேன். இன்றும் ஏதாவது கல்யாணத்தில் யாராவது வாங்கத் தயங்கிக் கையை இழுத்தால், என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து சொல்வார்:

"பேசாம வாங்கிக்குங்க அக்கா. அவ வலது கையத் தூக்குனா, ஒங்க குடும்பத்தையே வரிவரியா அழிச்சிடுவா."