நீலக் கரைத் தட்டு

சாப்பாட்டு மேசையில் மறுபடியும் மூன்று தட்டுகள் இருந்தன. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்: அப்பாவும் மகளும். மூன்றாவது, நீலக் கரை போட்ட அம்மாவின் தட்டு. அம்மா போய் மூன்று மாதமாகிறது.

"ஏம்ப்பா, இது என்ன?" என்று கேட்டாள் மகள்.

அப்பா அவள் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். "இருக்கட்டும்மா. உங்கம்மாவும் சாப்பிடட்டும்."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புட்டிகளுக்குப் பெயர் ஒட்டும் வேலை அவளுக்கு. இதுவரை ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போனதில்லை. வீட்டிலேயே அவளைக் 'கறார்' என்றுதான் கூப்பிடுவார்கள். கறாரின் கண்ணெதிரே ஒரு மனிதரின் புத்தி நழுவுவதா?

அண்ணனுக்குப் போன் செய்தது அவள் செய்த தப்பு. இப்படியே போனால் அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்றான் அவன், பழைய சோபாவைப் பற்றிப் பேசுவதுபோல. அம்மாவைப் பறிகொடுத்த கையோடு அப்பாவையும் விடுவதா? நானே சரிசெய்கிறேன் என்று போனை வைத்தாள்.

தட்டை அலமாரியின் அடியில் ஒளித்தாள். மறுநாள் அது மேசைக்கு வந்தது. கூடவே ஒரு தம்ளரும். அம்மாவுக்குப் பிடித்த பதத்தில், வெதுவெதுப்பான தண்ணீரோடு.

முக்காலி போட்டு ஏறி, தட்டைப் பரணில் போட்டாள். அப்பாவுக்குத் தோள்பட்டை இறுகிப்போய் மாதக்கணக்காகிறது. தலைகூட அவள்தான் வாரிவிடுகிறாள். மறுநாள் தட்டு மேசையில் இருந்தது, தூசு துடைத்து, பளபளவென்று. அவள் முதுகுத்தண்டில் யாரோ ஈரக்கையை வைத்தாற்போல் இருந்தது.

அப்பா காலி நாற்காலியைப் பார்த்துத் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் சமைச்சிருக்கா. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

பயத்துக்கு நடுவிலும் கறாருக்குச் சுருக்கென்றது. செத்துப்போன அம்மாவிடம் கூடவா கோள் சொல்ல வேண்டும்?

கடைசியில் நாற்காலியையே தூக்கிப் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டினாள். சாவி கைப்பையில், கைப்பை தோளில். மறுநாள் மதியம் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் நின்றுவிட்டாள். நாற்காலி இருந்த இடத்தில் இருந்தது. பின்கட்டுப் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. சாவி கைப்பையில் இருந்தது. கைப்பை தோளில்தான் இருந்தது. தோள் விண்விண்ணென்று வலித்தது. பயத்தில் உடம்புகூட வலிக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றே முதியோர் மனநல மையத்துக்குப் போன் செய்தாள். அப்பாவின் பெயரைச் சொல்லி, முகவரி சொல்ல வாயெடுப்பதற்குள், அது தங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்றார்கள். அண்ணன் முந்திக்கொண்டான் என்று பல்லைக் கடித்தாள்.

வந்த ஆலோசகர் நரைமுடியும் சத்தமில்லாத செருப்புமாக இருந்தார். மேசையில் மூன்று தட்டுகள் தயாராக இருப்பதைப் பார்த்தார். அந்த நாற்காலியை இழுத்தார்.

"அங்க வேண்டாம் மேடம்," என்று பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டாள் கறார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "அப்பா வருத்தப்படுவார்," என்றாள்.

"நீங்க உக்காருங்க மேடம், எனக்கு ஒண்ணுமில்லை," என்றார் அப்பா.

கறார் ஆலோசகர் பக்கம் திரும்பினாள். அப்பா யாருக்கும் தொந்தரவு தருபவர் இல்லை, அவரை இல்லத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதிவிட வேண்டாம், வேலையை விட்டுவிட்டு வேண்டுமானாலும் பார்த்துக்கொள்கிறேன் என்று மூச்சுவிடாமல் கெஞ்சினாள். நாற்காலியை மட்டும் விடவில்லை. அப்பாவின் கை மெல்ல நீண்டு, உயர முடிந்த அளவுக்கு உயர்ந்து, அவள் மணிக்கட்டைப் பற்றியது.

ஆலோசகர் நின்றபடியே சொன்னார். "அவரை யாரும் எங்கயும் அனுப்பப் போறதில்லைம்மா. போன மாசம் அவராவே எங்க மையத்துக்கு வந்து கேட்டது இவ்வளவுதான்: 'என் பொண்ணு தினமும் அவ அம்மாவுக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறா, வச்சதே அவளுக்குத் தெரியல, நான் எடுத்துச் சொல்லணுமா, இல்ல அவளுக்காக அந்த நாற்காலியோட பேசிக்கிட்டே இருக்கட்டுமா?'"